பேய்வேட்டைக் கருவி ஏன் துடித்தது? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

ஆவியை அளக்கும் மீட்டர் என்று எதுவும் கிடையாது. அந்தப் பெயரில் விற்கும் பெட்டிகள் எல்லாம் காந்தப்புலம், வெப்பம், ஒலி, ஒளி, ரேடியோ அலை என்று ஏதோ ஓர் இயற்பியல் அளவைத்தான் காட்டுகின்றன. அதனால் கருவி துடித்ததும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இது எதை அளக்கிறது, அந்த அளவு இந்த இடத்தில், இந்த நேரத்தில் ஏன் மாறியது. காரணம் என்று நீங்கள் சந்தேகிப்பதை நிறுத்தினால் துடிப்பு நிற்க வேண்டும், மறுபடி ஓடவிட்டால் திரும்ப வர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் காரணம் கிடைத்தது என்று எழுதலாம்.

உங்களுக்கு நேர்ந்த அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் மூன்று வேலையை முன்கூட்டியே செய்திருந்தால்தான் கீழே உள்ள எதுவும் பயன்படும்.

முதலாவது கடிகாரம். எல்லா கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே இடத்தில் வைத்து, ஓடவிட்டு, அவற்றின் முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். முடிக்கும்போதும் அதேபோல் ஒரு தட்டு. மலிவான கருவியின் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே மணிக்கு 72 மில்லி விநாடி விலகும். இரண்டு தட்டும் இருந்தால் அந்த விலகலைக் கணக்கிட்டுச் சரிசெய்யலாம்.

இரண்டாவது வெறும் பதிவு. ஆள் யாரும் இல்லாமல், கருவிகளை அதே மேசையில் வைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பேய்க்கதை எதுவும் இல்லாத இன்னோர் அறையிலும் அதே நேரம், அதே கருவி. பலரும் தவிர்ப்பது இந்த இரண்டாவது அறையைத்தான். சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மூன்றாவது, எல்லோருடைய மொபைலும் ஏர்ப்ளேன் மோடில். ஸ்மார்ட் வாட்ச், ப்ளூடூத் இயர்போன், வாக்கி டாக்கி எல்லாம் அணைத்து வெளியே.

அந்த அறைக்குள் போனாலே தலைவலி, பயம், யாரோ நிற்பதுபோல் உணர்வு

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதில் உயிர் போகக்கூடும். 1921-ல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர் வில்மர் ஒரு குடும்பத்தின் நிலையை எழுதினார். காலடி ஓசை, அந்நிய உருவங்கள், தலைவலி, சோர்வு என்று வீடே பேய்வீடாக இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தது பழுதான உலை: புகைபோக்கி வழியாகப் போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

நம் வீடுகளில் இதே வேலையைச் செய்வது காற்றோட்டமில்லாத குளியலறையில் உள்ள கேஸ் கீசர், வராந்தாவில் ஓடும் ஜெனரேட்டர், மூடிய அறையில் வைத்த கரி அடுப்பு. எண்ணாக அளவைக் காட்டும் மின்வேதியியல் வகை அலாரம் ஒன்றை மூக்கு மட்டத்தில், சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஐரோப்பியத் தரப்படி உள்ள அலாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்தில்தான் கத்தும். 100 பங்குக்கு 10 முதல் 40 நிமிடம். 300 பங்குக்கு 3 நிமிடத்துக்குள். ஆகவே அறையில் இருபது நிமிடம் வைத்து "அலாரம் அடிக்கவில்லை, வாயு இல்லை" என்று எழுதக் கூடாது. இரவு முழுவதும் வையுங்கள். கீசரும் ஜெனரேட்டரும் ஓடும் நேரம் அதில் அடங்க வேண்டும்.

அலாரம் அடித்தால் விவாதம் வேண்டாம், எல்லோரும் வெளியே. காற்றோட்டம் வந்த பிறகு யோசிக்க வேண்டியது இது: இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மின்வேதியியல் சென்சார் அதையும் கார்பன் மோனாக்சைடாகக் காட்டும். சார்ஜரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, மறுநாள் அலாரத்தைப் பேட்டரி இல்லாத அறையில் வைத்துப் பாருங்கள். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் மாட்டும் எம்.க்யூ-7 வாயு சென்சாரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அதன் ஹீட்டர் 60 விநாடி 5 வோல்ட், 90 விநாடி 1.4 வோல்ட் என்று மாறி மாறி ஓட வேண்டும், அதற்கு முன் நாள்கணக்கில் சூடேற்றவும் வேண்டும். நேராக 5 வோல்ட் கொடுத்து வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

இ.எம்.எஃப் மீட்டர் ஒரே இடத்தில் விடாமல் எரிகிறது

இ.எம்.எஃப் மீட்டர் என்பது மின்காந்தப் புலத்தைக் காட்டும் கருவி. எல்லோர் கையிலும் இருக்கும் கே-டூ வகை மீட்டரில் ஐந்து விளக்குகள். 1.5, 2.5, 10, 20 மில்லிகாஸ் (காந்தப்புலத்தின் அலகு) என்ற எல்லைகளைத் தாண்டத் தாண்ட அடுத்தடுத்த விளக்கு எரியும். உள்ளே இருப்பது ஒரே ஒரு சுருள். அதனால் மீட்டரைத் திருப்பினாலே அளவு மாறும். கை லேசாகச் சாய்ந்ததை "ஏதோ நெருங்கி வந்தது" என்று எழுதிவைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எண் காட்டும் காஸ்மீட்டர் இருந்தால், ஒரே புள்ளியில் மூன்று திசைக்கும் திருப்பி மூன்று அளவு எடுங்கள். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் மொத்தப் புலம் கிடைக்கும். 2, 3, 6 என்று வந்தால் மொத்தம் 7 மில்லிகாஸ். குறிப்பேட்டில் இந்த எண்ணை எழுதுங்கள், விளக்கின் நிறத்தை எழுதி வைக்காதீர்கள்.

பிறகு வீட்டுக்காரர் அனுமதியுடன் மெயினை அணையுங்கள். அளவு விழவில்லையா? இன்வெர்ட்டர் லைன் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதையும் அணையுங்கள். அப்படியும் விழவில்லை என்றால் காரணம் வெளியே: சுவரை ஒட்டிய மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், மேல்மாடி வீட்டின் வயரிங், அடுத்த வீட்டு மீட்டர் போர்டு. சுவரை நோக்கி அரை மீட்டர் அரை மீட்டராக நகர்ந்து அளந்தால் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும்.

மெயினை அணைத்ததும் விழுந்தால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போட்டு எந்தச் சுற்று என்று கண்டுபிடியுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் ஒரே குழாயில் சேர்ந்து ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். சுவரில் பெரிதாக எதுவும் தெரியாது. அறை முழுக்கப் பரவிய புலம் தெரிகிறது என்றால், போன கரண்ட் அதே வழியில் திரும்பவில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரே கவ்வலில் கிளாம்ப் மீட்டர் மாட்டச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் வர வேண்டும். 1 ஆம்பியர் வந்தால், அந்தக் கம்பியிலிருந்து 1 மீட்டர் தள்ளி 2 மில்லிகாஸும், 2 மீட்டர் தள்ளி 1 மில்லிகாஸும் இருக்கும். மிக மெதுவாகத்தான் குறையும், அதனால்தான் அறையின் நடுவிலும் மீட்டர் எரிகிறது.

மாடிப்படி விளக்கில் இது அடிக்கடி வரும். கீழ் ஸ்விட்சுக்கு ஒரு சுற்றின் ஃபேஸ், மேலே விளக்குக்கு வேறொரு சுற்றின் நியூட்ரல் என்று கடன் வாங்கி இணைத்திருப்பார்கள். விளக்கு எரியும்போது மாடிப்படியே ஒரு பெரிய சுருளாகிவிடும். "மாடிப்படியில் யாரோ இருக்கிறார்கள்" என்ற புகாருக்கு இந்தச் சோதனையை முதலிலேயே செய்யுங்கள். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தாலும் இதே அறிகுறிதான்; அப்போது தண்ணீர்க் குழாயிலும் கரண்ட் ஓடலாம். இது கண்ணில் பட்டால் ஆய்வை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். போர்டை நீங்கள் திறக்காதீர்கள்.

அமெரிக்கச் சந்தைக்காக 60 ஹெர்ட்ஸில் அளவுதிருத்தம் செய்த எளிய சுருள் மீட்டர், நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். ஒரே மீட்டரால் ஒப்பிடும்போது பரவாயில்லை. இரண்டு வகை மீட்டரின் எண்களை அருகருகே வைக்கும்போதுதான் தகராறு வரும்.

விட்டு விட்டு எரிகிறது

எரிந்த நேரங்களை வரிசையாக எழுதி இடைவெளியைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்தால் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். விடியற்காலையிலும் மாலையிலும் வந்தால் தண்ணீர் மோட்டார். கரண்ட் போன நொடியிலேயே எகிறினால் இன்வெர்ட்டர்: சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் 50 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வெண்கள் நிறைய இருக்கும், உயர் அதிர்வெண்ணுக்குக் கூடுதலாக அசையும் மீட்டர் அதில் துள்ளும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும், மங்கலாக்கும் விளக்கு ஸ்விட்சும் இதே வகை. விளக்கு அணைந்த இருட்டில் மீட்டரும் எகிறினால் அறையே பதறிப்போகும். மறுநாள் பகலில் மெயினை நீங்களே அணைத்து அதே எகிறலை வரவழைத்துப் பாருங்கள்.

கண்சிமிட்டும் நேரம் மட்டும் எல்லா விளக்கும் எரிந்தால் மொபைல். 2ஜி இணைப்பில் உள்ள போன் நொடிக்கு 217 முறை துடித்துத் துடித்து ஒலிபரப்பும். அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே மீட்டர் காட்டிவிடும். வெளியே நிற்பவர் பையில் உள்ள போனும் இதைச் செய்யும்.

கையில் பிடித்தால் மட்டும் துடிக்கிறது என்றால் கருவியிலேயே கோளாறு. பழைய வகை கே-டூவில் பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல் தளர்ந்தால் விளக்கு தடுமாறும். சிலர் அந்த இடுக்கில் நாணயம் செருகி வைப்பார்கள், அதுவும் நகரும். மீட்டரைத் துணிமேல் வைத்து, பேனாவால் மெல்லத் தட்டுங்கள். தட்டலுக்கு விளக்கு அசைந்தால் 9 வோல்ட் பேட்டரியின் கிளிப்பையும் ஸ்விட்சையும் சரிசெய்யும்வரை அந்த மீட்டரின் எந்தப் பதிவும் செல்லாது.

மொபைல் ஆப் வழியாக அளப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: போனில் உள்ளது திசைகாட்டிக்கான சென்சார். அது பூமியின் நிலைக் காந்தப்புலத்தைக் காட்டுகிறது, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 400 மில்லிகாஸ். வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் புலத்தை அது ஒழுங்காகக் காட்டாது. தூணில் உள்ள கம்பி, இரும்பு பீரோ, ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் உறை எல்லாவற்றுக்கும் எகிறும். நின்ற இடத்திலேயே போனைச் சுழற்றும்போது மொத்த அளவு மாறினால், காற்றில் எட்டு வரைந்து மறுபடி அளவுதிருத்தம் செய்யுங்கள்.

கேள்வி கேட்டதும் விளக்கு எரிந்து பதில் சொல்கிறது

இங்கே மீட்டரைவிடக் கணக்குதான் உதவும். வெறும் பதிவில் அந்த மீட்டர் மணிக்கு 30 முறை தானாகத் துடித்தது என்று வைத்துக்கொள்வோம். கேள்வி கேட்டபின் 10 விநாடிக்குள் துடித்தால் "பதில்" என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு கேள்விக்குத் தற்செயலாகப் பதில் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம். இருபது கேள்வி கேட்டால் ஒரு பதிலாவது கிடைக்கும் வாய்ப்பு 81 சதவீதம். வீடியோவில் அந்த ஒரு பதிலைத்தான் வெட்டிப் போடுவார்கள். மற்ற பத்தொன்பது மௌனமும் காணாமல் போய்விடும்.

சரியாகச் செய்ய வேண்டுமானால், காத்திருக்கும் நேரத்தை முன்பே முடிவு செய்து எழுதுங்கள். 5 விநாடி என்றால் 5 விநாடிதான். நாற்பது துண்டுச் சீட்டில் இருபதில் "கேள்", இருபதில் "சும்மா இரு" என்று எழுதிக் குலுக்குங்கள். ஒவ்வொரு நிமிடமும் ஒரு சீட்டு. கேட்ட நிமிடங்களிலும் சும்மா இருந்த நிமிடங்களிலும், சீட்டு எடுத்தபின் அதே 5 விநாடிக்குள் வந்த துடிப்புகளை எண்ணுங்கள். மீட்டரைப் பார்ப்பவருக்குச் சீட்டு தெரியக் கூடாது. மீட்டரை மட்டும் படமெடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பிறகு எண்ணினால் போதும். இரண்டு எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அங்கே பதில் எதுவும் வரவில்லை.

திடீர்க் குளிர்

லேசர் புள்ளி வரும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தை அளப்பதே இல்லை. எதிரே உள்ள பரப்பின் வெப்பத்தைத்தான் அளக்கிறது. அறையின் நடுவே நீட்டினால் நீங்கள் படிப்பது பின்சுவரை. 12-க்கு 1 (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) என்ற வகைக் கருவி 3.6 மீட்டர் தூரத்தில் 30 சென்டிமீட்டர் அகல வட்டத்தின் சராசரியைக் காட்டும். லேசர் புள்ளி குறி பார்க்க மட்டுமே. ஸ்டீல் பீரோ, பித்தளை விளக்கு, கண்ணாடி ஆகியவற்றில் எதிரே உள்ள பொருளின் வெப்பம் பிரதிபலித்து வரும். அங்கே மின்வேலைக்கான கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பின்மேல் அளங்கள். திறந்த ஜன்னல் வழியாகத் தெளிந்த வானத்தைக் குறிவைத்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழேகூடக் காட்டும். ஏ.சி. காரிலிருந்து எடுத்ததும் அளக்காதீர்கள், கருவி அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் கொடுங்கள்.

காற்றை அளக்க டி.எஸ்.18பி20 என்ற வெப்ப சென்சார் மூன்று நான்கு வாங்கிப் பதிவுக் கருவியில் இணைப்பது மலிவான வழி. அதன் பிழை கூட்டலோ கழித்தலோ அரை டிகிரி. ஆகவே இரண்டு சென்சாருக்கு நடுவே அரை டிகிரி வித்தியாசத்துக்கு அர்த்தம் இல்லை. முதலில் எல்லாவற்றையும் ஒரே தெர்மாகோல் பெட்டியில் மூடி ஒரு மணி நேரம் வைத்து, எது எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு கழியுங்கள். பிறகு கணுக்கால், இடுப்பு, தலை என்று மூன்று உயரத்தில் தொங்கவிடுங்கள். மேலும் கீழும் திறந்த வெள்ளைக் காகிதக் கப்புக்குள் சென்சார் இருந்தால் சுவரின் வெப்பக் கதிர் குழப்பாது.

கணுக்கால் சென்சார் மட்டும் இறங்கினால் கதவிடுக்குக் காற்று. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வாசல், ஜன்னல், படிக்கட்டு என்று மெதுவாக நகர்த்துங்கள், புகை எங்கே சாய்கிறதோ அங்கே வழி. இரவில் மொட்டைமாடி குளிர்ந்து, கனத்த காற்று படிக்கட்டு வழியாகக் கீழே வழியும். சென்சார் எதுவும் இறங்கவில்லை, ஆளுக்கு மட்டும் சிலிர்க்கிறது என்றால் வியர்வை ஆவியாகித் தோலைக் குளிர்வித்திருக்கும், அல்லது பயம் தோலின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. காற்று குளிரவில்லை, அவ்வளவுதான்.

ரெக்கார்டரில் யாரோ பேசுகிறார்கள்

ஆவிக்குரல் பதிவு என்பதை ஆரம்பித்துவைத்தவர்களில் ஒருவர் சுவீடனைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் யூர்கென்சன். 1959-ல் பறவை ஒலிகளைப் பதிவு செய்தபோது மனிதக் குரல் கேட்டதாகச் சொன்னார். நாடா காலத்தில் அழிந்தும் அழியாத பழைய பதிவு ஒரு காரணமாக இருந்தது. இன்றைய டிஜிட்டல் கருவியில் அது கிடையாது, ஆனால் புதிய சிக்கல்கள் வந்திருக்கின்றன.

அமைப்பை முதலில் பாருங்கள். வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். ஆட்டோ கெயின், இரைச்சல் குறைப்பு, குரல் கேட்டால் மட்டும் பதியும் வசதி, மூன்றையும் அணையுங்கள். ஆட்டோ கெயின் இருந்தால் மௌனத்தில் கருவி தானே ஒலியைத் தூக்கிவிடும், தெருமுனைப் பேச்சு உங்கள் காதோரம் கிசுகிசுப்பாகும். குரலுக்கு விழிக்கும் வசதி முதல் அசையை வெட்டிவிடும், மிச்சத் துண்டு வேறு சொல்லாகக் கேட்கும். ரெக்கார்டரைக் கையில் வைக்காமல் மடித்த துண்டின்மேல் வையுங்கள். உடன் இருப்பவர்கள் இருமினால், நாற்காலி நகர்ந்தால், வயிறு இரைந்தால் அப்போதே வாயால் சொல்லிவிட வேண்டும். சங்கடம் பார்க்காதீர்கள், வயிற்று இரைச்சல் நள்ளிரவில் முனகல் போலவே பதியும்.

ஒரு ரெக்கார்டர் போதாது. இரண்டு மைக் சேனல் உள்ள ஒரே ரெக்கார்டரில் மைக்குகளை 3.5 மீட்டர் தள்ளி வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். எனவே அறைக்குள் நடந்த எந்த ஓசையும் இரண்டு சேனலிலும் அதிகபட்சம் 10 மில்லி விநாடி வித்தியாசத்தில் வர வேண்டும். எந்த மைக்கில் முன்னால் வந்ததோ அந்தப் பக்கம்தான் ஓசை பிறந்த இடம். ஒரு சேனலில் தெளிவாக இருந்து மற்றதில் சுவடே இல்லை என்றால் அது காற்றில் வந்த ஒலி இல்லை, ஒயரிலோ மைக் உடலிலோ பிறந்தது. வாசலுக்கு வெளியே தனி ரெக்கார்டர் ஒன்று ஓடட்டும். அதில் அதே குரல் உரக்க இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது.

நீளமான மைக் ஒயர் ஆன்டெனாவாகி வானொலியையும் பிடிக்கும். மைக்கைக் கழற்றி, அதே ஒயரின் முனையில் மைக்கின் தடைக்குச் சமமான ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து அதே இடத்தில் பதியுங்கள். அப்போதும் பேச்சு வந்தால் வானொலிதான். ஒயரைக் குறைத்து, ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

இனி கேட்பது. சந்தேகத் துண்டை முதலில் எதுவும் செய்யாமல் கேளுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று காட்டும் படம்) திறந்தால், குரல்வளை அதிர்ந்து வரும் பேச்சில் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் ஏணிப்படிபோல் அடுக்கி நிற்கும். அடிப்படை ஆண்களுக்கு ஏறக்குறைய 85 முதல் 180, பெண்களுக்கு 165 முதல் 255 ஹெர்ட்ஸ். அந்த அடுக்கு இல்லாத சலசலப்பைச் சொல்லாக வாசிப்பது நம் மூளை. இரைச்சல் நீக்கும் ஃபில்டரை இரண்டு மூன்று முறை ஓட்டினால் துண்டு துண்டாக ஒரு கிணுகிணுப்பு மிஞ்சும், அதிலிருந்து எந்த மொழியிலும் எந்தச் சொல்லும் கேட்கும். ஒரே துண்டைச் சுழலவிட்டுக் கேட்டாலும் சொல் மாறிக்கொண்டே போகும்.

தீர்ப்புக்கு ஐந்து பேரை உட்காரவையுங்கள், இடமும் கதையும் சொல்லாதீர்கள். பத்துத் துண்டு கொடுங்கள்: மூன்று சந்தேகமானவை, ஏழு வெறும் பதிவிலிருந்து அதே நீளத்தில் வெட்டியவை. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். ஐந்து பேரும் ஐந்து சொல் எழுதினால், அல்லது வெறும் துண்டிலும் வார்த்தை கேட்டால், அந்தப் பதிவில் பேச்சு இல்லை. வீடியோவில் வசனத்தை எழுத்தாகப் போட்டுக் காட்டிவிட்டு "கேட்கிறதா?" என்று கேட்பது சோதனையே ஆகாது, எழுத்தைப் படித்தவுடன் காது ஒத்துக்கொண்டுவிடும்.

ஸ்பிரிட் பாக்ஸ் பெயரைச் சொல்லி அழைக்கிறது

இது வேகமாக அலைவரிசை மாற்றும் ரேடியோ. ஒரு நிலையத்தில் நொடியின் சிறு பங்கே நிற்பதால் ஓரசை, ஈரசை மட்டும் கேட்கும். பக்கத்தில் சாதாரண எஃப்.எம். ரேடியோக்களை உள்ளூர் நிலையங்களில் வைத்துச் சேர்த்துப் பதியுங்கள். "அழைத்த" நொடியில் எந்த அறிவிப்பாளர் பேசினார் என்று தெரிந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைப் படியைத் தாண்டி நீண்ட வாக்கியம் வந்தால், வலுவான நிலையம் பக்கத்து அலைவரிசைகளிலும் கசிகிறது. ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள்.

போட்டோவில் ஒளி உருண்டை, நிழல் உருவம்

உருண்டை என்றால் தூசி, நீர்த்துளி, பூச்சி. ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், முகத்துக்கு முன்னால் மிதக்கும் தூசியின் ஒளி நேராகத் திரும்பி, குவியம் இல்லாமல் வட்டமாக விரிகிறது. அதே இடத்தில் ஃபிளாஷை அணைத்து, அரை மீட்டர் பக்கவாட்டில் டார்ச் பிடித்து எடுங்கள், உருண்டைகள் பெரும்பாலும் மறையும். பழைய தலையணையைத் தட்டிவிட்டு ஃபிளாஷோடு எடுத்தால் நினைத்தபோதெல்லாம் வரும். வாதம் தொடர்ந்தால் ஒரே மாதிரி இரண்டு போனை 7 சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டிவைத்து ஒரே நேரத்தில் எடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் பொருள் இரண்டு படத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். கைக்கெட்டும் தூரத் தூசி ஒரு படத்தில் மட்டும் இருக்கும் அல்லது வெகுவாக இடம் மாறும்.

பாதி தெரியும், பாதி ஊடுருவும் மனித உருவத்துக்கு நைட் மோடும் ஹெச்.டி.ஆரும் காரணம், போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, நடுவில் ஒருவர் நகர்ந்தால் ஆவி உருவாகும். ஒளிச் சிதறலா என்று பார்க்க, படத்தில் உள்ள பிரகாசமான விளக்கிலிருந்து படத்தின் மையம் வழியாக ஒரு கோடு போடுங்கள். உருவம் அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் இருந்தால் லென்ஸ் உள்ளே பிறந்தது. மூலக் கோப்பில் எக்ஸ்போஷர் நேரம், ஐ.எஸ்.ஓ., ஃபிளாஷ் அடித்ததா என்பதெல்லாம் இருக்கும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அவை அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இரவு சி.சி.டி.வி.யில் வெள்ளையாக மிதந்து போவது லென்ஸ் முன்னால் உள்ள சிலந்தி, நூல், கொசு. கேமராவின் சொந்த இன்ஃப்ராரெட் விளக்கை அணைத்து, தனி விளக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் இது பெருமளவு நிற்கும்.

கேமராவில் குச்சி மனிதன்

எஸ்.எல்.எஸ். கேமரா என்பது 2010-ல் வந்த கினெக்ட் விளையாட்டுச் சென்சார். இன்ஃப்ராரெட் புள்ளிகளை வீசி ஆழத்தை அளந்து, அதில் மனித உடலைத் தேடிப் பொருத்தும் மென்பொருள் அது. மனிதனைக் கண்டுபிடிக்கவே பழக்கப்பட்டதால் நாற்காலி, திரைச்சீலை, ஹேங்கர் சட்டையிலும் கண்டுபிடிக்கும். கேமராவை நிலையாக முக்காலியில் வைத்து, உருவம் நின்ற இடத்தின் பொருளை எடுத்துவிடுங்கள், பிறகு திரும்ப வையுங்கள். அடிப்படை ஆழப் படத்தையும் சேமியுங்கள். அதில் ஒரு பரப்பும் இல்லாத இடத்தில் எலும்புக்கூடு நின்றால் மட்டும் மேலே யோசிக்கலாம்.

மோஷன் சென்சார் அலறுகிறது

பி.ஐ.ஆர். சென்சார் இரண்டு மண்டலங்களுக்கு நடுவே நகரும் வெப்பத்தைப் பார்க்கிறது. எலி, வௌவால், ஏ.சி. காற்றில் ஆடும் திரை எல்லாம் போதும். சென்சாரின் வெள்ளை மூடியின்மேலேயே பல்லி ஏறினால் ஒரு பெரிய உருவம் கடந்ததுபோல் அடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சென்சார் மாட்டி, இரண்டும் சேர்ந்து அடித்தால் மட்டும் எண்ணுங்கள்.

புது பேட்டரி உடனே தீர்ந்துவிட்டது

வெறும் மல்டிமீட்டரில் 1.5 வோல்ட் காட்டுவது பேட்டரி நன்றாக இருப்பதற்குச் சான்று இல்லை. டபுள் ஏ செல்லின் குறுக்கே 10 ஓம் ரெசிஸ்டர் வைத்து, ஐந்து விநாடியில் வோல்டேஜ் பாருங்கள், 1.1-க்குக் கீழே விழுந்தால் அது கடையிலிருந்து வரும்போதே தளர்ந்தது. 9 வோல்ட்டுக்கு 330 ஓம். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் தரும், அல்கலைனுக்காக அமைத்த கருவி அதை முதலிலிருந்தே பாதி என்று காட்டும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த செல்களுக்கு எண் போட்டு, பாதியைக் கதை உள்ள அறையிலும் பாதியை மற்ற அறையிலும் ஒரே வகைக் கருவியில் ஓடவிட்டால் ஒரே இரவில் விடை கிடைக்கும்.

மார்பில் அழுத்தம், ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம்

1998-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பொறியாளர் விக் டாண்டி, டோனி லாரன்ஸுடன் சேர்ந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு அச்சமும் ஓர உருவமும் வந்தன. பட்டறைக் கவ்வியில் பிடித்திருந்த வாள் தகடு தானாக அதிர்ந்தது. காரணம் புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறி: அது அறையில் ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் நிலையலையை, அதாவது காதுக்கு எட்டாத தாழொலி அதே இடத்தில் நிலைத்து அதிர்வதை, உண்டாக்கியது. பேய்வேட்டையில் இந்த எண்ணை மந்திரம்போல் சொல்கிறார்கள், அவ்வளவு உறுதி இல்லை. 2009-ல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரிக் குழு செயற்கையாகப் "பேயறை" ஒன்றைக் கட்டி, மின்காந்தப் புலத்தையும் தாழொலியையும் செலுத்திப் பார்த்தபோது, வந்த அனுபவங்களை அவை இரண்டும் விளக்கவில்லை. எதிர்பார்ப்பே பொருத்தமான விளக்கமாக இருந்தது. ஆகவே 19 ஹெர்ட்ஸ் கிடைத்தால் அது ஒரு குறிப்பு மட்டுமே.

அளக்க மொபைல் மைக் போதாது, அது இந்த எல்லையை வெட்டிவிடும். 5 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வேலை செய்யும் மைக் அல்லது நுண் அழுத்தமானி வேண்டும், காற்றுத் தடுப்பு நுரையோடு. நம் வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தலைக்குமேல் சுற்றுகிறது: மூன்று இறக்கை சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 380 சுற்று சுற்றினால் இறக்கை கடக்கும் அதிர்வெண் 19 ஹெர்ட்ஸ். ரெகுலேட்டரை ஒரு படி குறையுங்கள். நிறமாலையில் அந்தக் கூர்முனையும் கீழே நகர்ந்தால் அது ஃபேன். நகராவிட்டால் வெளிச் சத்தம். கட்டடத்தின் மோட்டார், ஜெனரேட்டர், குளிர்சாதனக் கோபுரம் ஒவ்வொன்றும் ஓடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பொருந்தவில்லை

"விளக்கம் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள், அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். அதன் கீழே: நேரம், கருவியின் மாடல், இருந்த இடம் (இரண்டு சுவரிலிருந்து தூரம்), ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள், எந்தெந்தக் காரணத்தை அணைத்துப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை. மூலக் கோப்புகளை வெட்டாமல் இரண்டு இடத்தில் சேமியுங்கள். பிறகு அதே கிழமை, அதே நேரத்தில் இரண்டாம் முறை போங்கள். இந்த முறை கருவி வைப்பவருக்கு முதல் முறை எங்கே என்ன நடந்தது என்று சொல்லாதீர்கள். அவராகத் தேர்ந்த இடங்களில் வந்த பதிவை முதல் பதிவோடு வைத்துப் பாருங்கள்.